ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஜிபிஎஸ் வாட்ச் கட்ட வேண்டுமா?

ஒரு வாசகரிடமிருந்து வந்த கேள்வி இதுதான். சென்னையில் எட்டு மாதமாக ஓடுகிறார், வாரத்துக்கு நான்கு நாள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதல் ஹாஃப் மாரத்தான் (சுமார் 21 கிலோமீட்டர்) ஓட வேண்டும், அதை இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆசை. ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிய நாளிலிருந்து அது இல்லாமல் ஓடியதே இல்லை. சார்ஜ் போட மறந்த காலையில் ஓடப் போகவே மனம் வருவதில்லை. போனாலும் அந்த ஓட்டம் கணக்கில் சேராதது போலத் தோன்றுகிறது. "எல்லா ஓட்டத்துக்கும் வாட்ச் கட்டத்தான் வேண்டுமா, கழற்றி வைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டு நாள் கட்டுங்கள், இரண்டு நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்பதே என் பதில். எந்த இரண்டு நாள், ஏன் என்பதுதான் முக்கியம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் ஓடுபவர்களுக்கு இதில் வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில், சார்ஜ் இல்லாத நாளில் மனம் வராதது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டன் எட்கின் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார். நடப்பது, படிப்பது, படங்களுக்கு வண்ணம் தீட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் ஆட்களிடம், எவ்வளவு செய்தார்கள் என்ற அளவைக் காட்டினால் அவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் அந்த வேலை தந்த சந்தோஷம் குறைந்தது. அளவை எடுத்துவிட்ட பிறகு அதைத் தொடரும் விருப்பமும் குறைந்தது. விளையாட்டாகச் செய்த ஒன்று உத்தியோகம் போல ஆகிவிடுகிறது. ஓட்டங்களைப் பதிந்து மற்றவர்களோடு பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ஏறாத ஓட்டம் ஓட்டமே இல்லை என்று நம் ஓட்டக் குழுக்களில் சொல்வார்களே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இன்னும் பத்து வருடம், இருபது வருடம் ஓட வேண்டும் என்று நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஓடுவதை விட்டவர்களில் நான் பார்த்த பலர் காயத்தால் விட்டவர்கள் அல்ல. அலுத்துப்போய் விட்டவர்கள்.

அடுத்தது சென்னைக்கே உரிய சிக்கல். ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை உடம்பு வெளியேற்றும் முக்கியமான வழி வியர்வை. வெறுமனே வியர்த்தால் போதாது, வியர்வை ஆவியாக வேண்டும். மே மாதம் காலை ஐந்து மணிக்கே சென்னையில் 28, 29 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் பனியனை நனைத்துக்கொண்டு வழியும். உடம்பு குளிர்வதற்காக ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடும். வியர்த்து நீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவும் கொஞ்சம் குறையும். மிச்சம் இருப்பதை வைத்துக் காலுக்கும் தோலுக்கும் சேர்த்து அனுப்ப இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும். ஜனவரியில் ஓடிய அதே வேகத்தில் மே மாதம் ஓடினால் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூடுவது சாதாரணம். ஒரே ஓட்டத்துக்குள்ளேயே, வேகத்தை மாற்றாமல் இருந்தாலும், முதல் கிலோமீட்டரை விட எட்டாவது கிலோமீட்டரில் துடிப்பு ஏறியிருக்கும்.

வாட்ச் பெரிய எழுத்தில் காட்டுவது பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், நொடி என்ற கணக்கு. அதில் இந்த விவரம் எதுவும் இல்லை. கிலோமீட்டருக்கு 7:10 என்றால் 7:10, அவ்வளவுதான். டிசம்பரில் 6:40இல் சுலபமாக ஓடியவர் மே மாதத்தில் 7:10ஐப் பார்த்ததும் 'நான் பின்னால் போகிறேன்' என்று பயந்து காலை எட்டிப் போடுவார். உடம்பைப் பொறுத்தவரை அவர் டிசம்பரில் செய்த அதே அளவு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். அதற்கு மேல் இப்போது இழுக்கிறார். கார்மின் நிறுவனத்தின் சில வாட்ச்கள் உடம்பு வெப்பத்துக்குப் பழகியதையும் கணக்கில் எடுக்கின்றன. ஆனால் அதெல்லாம் ஓட்டம் முடிந்தபின் பார்க்கும் திரைகளில்தான். ஓடும்போது கண்ணில் படுவது வெறும் பேஸ்.

ஈஸி ரன், அதாவது நிதானமாக ஓட வேண்டிய ஓட்டம், கெட்டுப்போவது இங்கேதான். ஈஸி ரன் என்றால் சும்மா கிலோமீட்டர் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கும் திறன் வளர்வதும், தசைநார்களும் எலும்பும் மெல்ல மெல்ல உறுதியாவதும் பெரும்பாலும் இந்த நிதானமான ஓட்டங்களில்தான். நீண்டதூர விளையாட்டுகளில் உலகத் தரத்தில் இருப்பவர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் பார்த்தது, அவர்களுடைய பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில் நடக்கின்றன என்பது. நம் ஊரில் வாரம் நான்கு நாள் ஓடுபவர் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறார். எல்லா ஓட்டத்தையும் ஒரே மாதிரி, நடுத்தரமான கஷ்டத்தில் ஓடுகிறார். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடிவிடுவதால், வேகமாக ஓட வேண்டிய நாளில் காலில் தெம்பு இருப்பதில்லை.

இதில் வாட்சின் பங்கு பெரியது. எண் கண்ணில் பட்டால் அதைக் கொஞ்சமாவது நன்றாக்கிக் காட்டலாமே என்ற ஆசை யாருக்கும் வரும், அதுவும் நாலு பேர் ஸ்ட்ராவாவில் பார்க்கிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசி ஒரு கிலோமீட்டரை விரட்டி முடித்து சராசரியை ஏழுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அதனால்தான் ஈஸி ரன் நாட்களில் வாட்சைக் கழற்றச் சொல்கிறேன். அன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஒரே சோதனைதான். பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் குறையுங்கள். தனியாக ஓடினால் வாய்விட்டு நாலு வரி சொல்லிப் பாருங்கள். வெயிலும் ஈரமும் கூடினால் பேச்சு தானாகவே திணறும், அதனால் நீங்களும் தானாகவே மெதுவாவீர்கள். எந்தப் பருவத்துக்கும் பொருந்தும் கருவி இது, செலவும் இல்லை.

"பேஸை விட்டுவிடுகிறேன், இதயத் துடிப்பைப் பார்த்து ஓடலாம்தானே?" என்று அடுத்துக் கேட்பீர்கள். யோசனை நல்லதுதான், கருவியில்தான் குறை. மணிக்கட்டு சென்சார் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தால் அந்த ஒளி எப்படி மாறுகிறது என்று பார்க்கிறது. கை ஆடும்போது, வாட்ச் தளர்வாக இருக்கும்போது, அது ரத்தத்தின் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது துடிப்பு திடீரென 170, 175 என்று நின்றுவிட்டால் கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை காலடி) எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் பார்ப்பது இதயத் துடிப்பாக இருக்க வாய்ப்பில்லை. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே எடுப்பதால் அது நம்பகமானது.

அதைக் கட்டினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நீங்கள் அமைப்பில் எதையும் மாற்றவில்லை என்றால், சுலபம் முதல் கடினம் வரை துடிப்பைப் பிரித்துக் காட்டும் உங்கள் 'ஸோன்'கள் பெரும்பாலும் 220இல் இருந்து வயதைக் கழித்து வந்த உச்சத் துடிப்பை வைத்துப் போடப்பட்டிருக்கும். அது கூட்டத்துக்கான சராசரி. தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் மாறுவது சகஜம். நாற்பது வயதுக்காரர் ஒருவரின் உண்மையான உச்சம் 192 ஆகவும் இருக்கலாம், 168 ஆகவும் இருக்கலாம். வாட்ச் இருவருக்கும் 180 என்றே வைத்திருக்கும். இந்த அடித்தளத்தின் மேல்தான் விஓ2 மேக்ஸ் (உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன்) மதிப்பீடு, 'அன்புரொடக்டிவ்' (பயிற்சியால் பலன் இல்லை) போன்ற தீர்ப்புகள் எல்லாம் நிற்கின்றன. நல்ல தூக்கம் தூங்கி, ஒழுங்காக ஓடி, வெயில் காலத்தில் வாட்ச் 'அன்புரொடக்டிவ்' என்று சொன்னதால் மனம் உடைந்த ஆட்களை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்புத் தரத் தேவையில்லை.

தூரத்துக்கு வருவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதை வைத்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களைக் கொண்டு, வாட்ச் நம் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் 300 மீட்டர் பிசகும் என்ற அளவுக்கு நுணுக்கமான வேலை. மெரினா, எலியட்ஸ் கடற்கரை போல வானம் திறந்த இடத்தில் அருமையாக வேலை செய்யும். போட் கிளப் சாலையின் மரங்களுக்கு அடியிலும், நூறடி சாலையில் மெட்ரோ பாலத்துக்குக் கீழேயும் சமிக்ஞை மறைக்கப்பட்டோ, எதிலாவது பட்டுத் திரும்பியோ வரும். அப்போது நீங்கள் நேராக ஓடினாலும் வரைபடத்தில் கோடு வளைந்து நெளிந்து போகும். நெளிந்த கோடு நேர்கோட்டை விட நீளம், அதனால் தூரம் சற்றுக் கூடிக் காட்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞையைப் பெறும் இரட்டை அலைவரிசை வாட்ச்களில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் முழுதாகப் போவதில்லை. 'இப்போதைய பேஸ்' என்று காட்டும் எண்ணும் கடந்த சில நொடிகளைச் சமன்படுத்திக் காட்டுவதுதான், அதைப் பார்த்துப் பார்த்துக் காலை மாற்றுவதில் பயனில்லை. லேப் பேஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் தொடக்கத்திலிருந்து வரும் சராசரி, எவ்வளவோ மேல்.

இவ்வளவு குறை சொன்னாலும் வாட்ச் நல்ல கருவி. என்னிடமும் இருக்கிறது, விட மாட்டேன். அதற்கான வேலையை அதற்குக் கொடுக்க வேண்டும்.

இன்டர்வல் நாளில் கட்டுங்கள். 800 மீட்டரை ஆறு முறை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு என்றால் அந்தக் கணக்கை மண்டையில் வைத்துக்கொண்டு வேகமாக ஓட முடியாது. அளந்து கோடு போட்ட 400 மீட்டர் டிராக் கிடைத்தால் ஜிபிஎஸ் தூரத்தைப் பொருட்படுத்தாமல் ஸ்டாப்வாட்சாக மட்டும் பயன்படுத்துங்கள். வளைவுகளில் ஜிபிஎஸ் தடுமாறும், டிராக்கின் கோடு தடுமாறாது. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னிலும் கட்டுங்கள். எவ்வளவு நேரம் ஓடினீர்கள், எப்போது தண்ணீர், எப்போது சக்தி தரும் ஜெல், கடைசி ஐந்து கிலோமீட்டரில் எவ்வளவு தொய்வு என்பதெல்லாம் ஜனவரிக்குத் தேவைப்படும் தகவல். தெரியாத ஊரில், மலைப் பாதையில் ஓடினால் வழிகாட்டவும் அது வேண்டும்.

இந்த இரண்டு நாட்களிலும் ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் பேஸ் தெரியாதபடி வெறும் நேரம் காட்டும் பக்கத்துக்கு மாற்றி வையுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாட்ச் அதிரும்போது, பார்ப்பதற்கு முன்னால், இந்தக் கிலோமீட்டரை எவ்வளவில் ஓடினேன் என்று மனதில் ஒரு எண் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள். ஆரம்பத்தில் 20, 30 நொடி தள்ளிப் போகும். எதிர்க்காற்றில் ஓடும்போது உண்மையை விட வேகமாக ஓடுவதாகத் தோன்றும். குழுவோடு பேசிக்கொண்டு ஓடும்போது மெதுவாகத் தோன்றும். சில வாரங்களில் இடைவெளி சுருங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து நொடிக்குள் வந்துவிடுகிறது.

உடம்பின் உணர்வை எண்ணாகச் சொல்ல முடியும் என்பது புதிதல்ல. ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் 6இல் தொடங்கி 20 வரை போகும். ஏன் 6இல் தொடக்கம் என்றால், ஆரோக்கியமான ஒருவர் தன் உழைப்புக்குத் தரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த நேரத்து இதயத் துடிப்பு வரும் என்று கணக்கிட்டு வைத்தார். 13 என்று சொன்னால் சுமார் 130. உணர்வு அந்த அளவுக்குக் கணக்கோடு ஒத்துப்போகிறது, பழக்கத்தான் வேண்டும்.

ஃபின்லாந்தின் பாவோ நூர்மி நூறு வருடத்துக்கு முன்னால் இதைச் செய்து காட்டினார். அவர் கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஓடுபவர். சுற்றுக்குச் சுற்று நேரத்தைப் பார்த்து, சீரான வேகத்தைத் தன் காலுக்குக் கற்றுக்கொடுத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் 1,500 மீட்டரில் கடைசிப் பகுதிக்கு வந்ததும் ஸ்டாப்வாட்சைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடி ஜெயித்தார். அதே நாளில், குறைந்த இடைவெளியில், 5,000 மீட்டரையும் ஜெயித்தார். அவரை விடக் கடிகாரத்தை நம்பிய ஓட்டக்காரர் அந்தக் காலத்தில் இல்லை. எப்போது அது தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரிக்கு இந்தப் பழக்கம் நேரடியாக உதவும். ஹாஃப் மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். இரண்டே கால் மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 6:24. வாட்சில் 6:24ஐ விடாமல் பிடித்து ஓடினால் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. முறையாக அளக்கப்படும் பந்தயப் பாதையில், வளைவுகளின் உள் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, போக முடிந்த மிகக் குறுகிய கோட்டை அளவுத் திருத்தம் செய்த சைக்கிளால் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்ப்பார்கள். கூட்டத்தில் ஆட்களைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கிப் போகும் நீங்கள் அந்தக் கோட்டில் ஓடப்போவதில்லை. ஜிபிஎஸ் நெளிவையும் சேர்த்தால், முடிவுக் கோட்டில் வாட்ச் 21.35 காட்டுவது சகஜம். 21.35 கிலோமீட்டரை 6:24இல் ஓடினால் 2 மணி 16 நிமிடம் 38 நொடி. இலக்கு கைநழுவிவிடும். வாட்ச் கணக்கில் 6:19 ஓட வேண்டும். இதை விட நல்ல வழி, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வாட்ச் தானாகவே நேரத்தைக் குறிக்கும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நீங்களே லேப் பொத்தானை அழுத்துவது. அப்போது தூரத்துக்குப் பலகை பொறுப்பு, நேரத்துக்கு மட்டும் வாட்ச் பொறுப்பு. பலகை ஒன்று கண்ணில் படாமல் போனாலும், ஊகித்துப் பழகிய காலுக்கு அடுத்த பலகை வரை வேகம் தெரியும்.

பதிவு விட்டுப்போகுமே என்ற கவலைக்கு: பதிவு அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. வாராந்திர ஓட்டத்தைச் சட்டென்று கூட்டுவது காயத்துக்கு வழி, போன மாதம் எவ்வளவு ஓடினோம் என்று தெரியாதவர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஆனால் அதற்கு ஜிபிஎஸ் கோடு வேண்டாம். கிளம்பும்போதும் திரும்பும்போதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, '45 நிமிடம், சுலபம், இடது முழங்காலில் லேசான வலி' என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்ட்ராவாவிலும் கையால் ஏற்றும் வசதி இருக்கிறது. அந்த முழங்கால் வரியை எந்த வாட்சும் உங்களுக்காக எழுதாது. மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கும்போது அதுதான் அதிகம் பேசும்.

சிலருக்கு நான் சொன்னது பொருந்தாது. இதயப் பிரச்சினை உள்ளவர், இவ்வளவு துடிப்புக்கு மேல் போகக் கூடாது என்று மருத்துவர் சொன்னவர், மார்புப் பட்டையோடு ஒவ்வொரு ஓட்டத்திலும் வாட்ச் கட்டத்தான் வேண்டும். காயத்திலிருந்து மீண்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குபவருக்கு டைமர் தேவை. அது பத்து ரூபாய் வாட்சோ பத்தாயிரம் ரூபாய் வாட்சோ, ஒன்றுதான். எண்களைப் பார்ப்பதில்தான் ஓட்டத்தின் சுகமே என்று உண்மையாகவே உணர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கழற்றச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. சார்ஜ் இல்லாவிட்டாலும் சந்தோஷமாக ஓடக் கிளம்புகிறார்கள் என்றால் போதும்.

இருட்டு பிரியாத காலையில் தனியாக ஓடும் பெண்களுக்கு இடத்தை வீட்டாருக்கு நேரலையில் காட்டும் வசதி பெரிய துணை. அதற்காகத் தினமும் கட்டுவது முற்றிலும் சரி. பெரும்பாலான வாட்ச்களில் இதற்குப் போனும் கூடவே இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பேஸ் திரையை மட்டும் அணைத்து வைத்துக்கொண்டால் பாதுகாப்பும் கிடைக்கும், எண்ணைப் பார்க்காமல் ஓடுவதும் கெடாது. ஆனால் ஸ்ட்ராவாவில் ஓட்டத்தைப் பொதுவில் விடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட, எல்லோரும் ஓடிய பாதைகளை ஒளியாகக் காட்டும் உலக 'ஹீட்மேப்' வரைபடத்தில், வெளியே தெரியக் கூடாத ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் ஒளிர்ந்தன. 2018 ஜனவரியில் அது வெளியே தெரிந்து பெரும் பேச்சானது. முகாமே தெரிகிறது என்றால், தினமும் ஐந்தேகாலுக்கு ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் ஓட்டம் யாருடைய வீடு என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. அமைப்புகளில் போய்த் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் தேர்வைப் போட்டு வையுங்கள், ஓட்டங்களைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றுங்கள், அந்தப் பின்தொடர்பவர் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.